ஜவ்வாது மலை

ஜவ்வாது மலை தமிழ்நாட்டின் வடபகுதியில் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த ஒரு மலைத்தொகுதியாகும். இது திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவியுள்ளது. வடக்கே பாலாற்றுப் பள்ளத்தாக்குக்கும் தெற்கே தென்பெண்ணைப் பள்ளத்தாக்குக்கும் இடையில் அமைந்த இம்மலையே செய்யாறு, கமண்டல நதி, நாக நதி, மிருகண்டா நதி முதலிய ஆறுகளின் பிறப்பிடம். பீமன் அருவி, காவலூர் வானாய்வகம், பர்வதமலைக் கோயில் ஆகியவற்றால் இது சுற்றுலாப் பயணிகளிடையே பெயர் பெற்றது. ஆனால் ஆரணி, போளூர், செங்கம், செய்யாறு வட்டங்களில் வாழ்வோர்க்கு இம்மலையின் முதன்மைப் பயன் தண்ணீரே.

அமைவிடமும் எல்லைகளும்

கிழக்குத் தொடர்ச்சி மலை, மேற்குத் தொடர்ச்சி மலையைப் போல இடைவிடாத சுவராக நிற்பதில்லை. ஆறுகள் பல இடங்களில் அதை அறுத்துச் செல்வதால், அது தனித்தனித் தொகுதிகளாகச் சிதறிக் கிடக்கிறது. அவ்வாறு பிரிந்து நிற்கும் தொகுதிகளுள் ஜவ்வாது மலை ஒன்று. ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமும் 32 கிலோமீட்டர் அகலமும் உடையது. உயர்ந்த முகடுகள் பெரும்பாலும் கடல்மட்டத்திலிருந்து 1100 முதல் 1150 மீட்டர் வரை உயர்ந்துள்ளன.

மலையின் மேற்கே ஏலகிரி மலை உள்ளது. வடக்கே வாணியம்பாடி, ஆம்பூர் வழியாகப் பாலாறு ஓடுகிறது. சென்னையிலிருந்து சோலையார்பேட்டை செல்லும் இருப்புப்பாதையும் பெங்களூர் நெடுஞ்சாலையும் இந்தப் பள்ளத்தாக்கைப் பின்பற்றியே அமைந்தவை. தெற்கே செங்கம் கணவாய் உள்ளது. பாராமகால் எனப்பட்ட மேட்டுநிலத்திலிருந்து ஆர்க்காட்டுச் சமவெளிக்கு இறங்க விரும்பிய படைகளுக்கு இக்கணவாய் இயற்கையான வாயிலாக இருந்தது. முதலாம் மைசூர்ப் போரில் ஐதர் அலியின் படையும் ஆங்கிலேயர் படையும் 1767 செப்டம்பர் 3 அன்று செங்கத்தில் மோதியதற்கு இந்த நில அமைப்பே காரணம்.

மலைமேல் உள்ள முதன்மையான ஊர் ஜமுனாமரத்தூர். போளூர், ஆலங்காயம், அமிர்தி ஆகிய மூன்று பக்கங்களிலிருந்தும் அங்கே செல்ல மலைப்பாதைகள் உண்டு.

பாறையும் நில அமைப்பும்

இம்மலை நைஸ், சார்னோகைட், கருங்கல் போன்ற மிகப் பழமையான கடினப் பாறைகளால் ஆனது. இமயமலையைப் போல அண்மைக் காலத்தில் மடிந்து எழுந்ததன்று. பல கோடி ஆண்டுகளாக மழையாலும் வெயிலாலும் தேய்ந்து, மென்மையான பகுதிகள் அரித்துச் செல்லப்பட்டபின் எஞ்சிய உறுதியான பாறைத் திரளே இன்று மலையாக நிற்கிறது.

அடிவாரத்திலிருந்து பார்க்கும்போது செங்குத்தாகத் தோன்றும் மலை, ஏறிய பிறகு அப்படி இருப்பதில்லை. மேலே 700, 800 மீட்டர் உயரத்தில் மேடும் பள்ளமுமான பீடபூமி விரிந்து கிடக்கிறது. அதில் வயல்கள், சிற்றூர்கள், ஓடைகள், புளியந்தோப்புகள் உள்ளன. பீடபூமிக்கு மேல் ஆங்காங்கே முகடுகள் எழுகின்றன. செய்யாறும் அகரம் ஆறும் இத்தொகுதியைக் கிழக்கு, மேற்கு என இரு கூறுகளாகப் பிரிக்கின்றன.

கடினப் பாறை என்பதால் இங்கே நிலத்தடி நீர் பெரிய அளவில் தேங்க இடமில்லை. பாறையின் மேல் அமைந்த மண்ணும், சிதைந்த பாறை அடுக்கும், வெடிப்புகளும் மட்டுமே நீரைப் பிடித்து வைக்கும். அந்த மண்ணைத் தாங்கி நிற்பது காடு. இம்மலையின் புவியியலில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுவே: காடு போனால் மண் போகும்; மண் போனால் நீர் தங்க இடமிராது.

மழையும் தட்பவெப்பமும்

இப்பகுதி தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டாலும் பயன்பெறுகிறது. சூன் முதல் செப்டம்பர் வரை மாலை நேர இடிமழையாகவும், அக்டோபர் முதல் திசம்பர் வரை வங்கக்கடல் தாழ்வழுத்தங்களால் தொடர்மழையாகவும் பெய்கிறது. சுற்றுச் சமவெளியின் ஆண்டு மழை ஏறத்தாழ 1000 மில்லிமீட்டர். சனவரி முதல் மே வரை பெரும்பாலும் வறட்சி.

உயரம் கூடக் கூட வெப்பம் குறையும். 1000 மீட்டருக்கு ஏறத்தாழ 6 பாகை செல்சியசு என்பது பொதுவான கணக்கு. ஆகவே மே மாதத்தில் ஆரணியில் வெயில் கொளுத்தும்போது ஜமுனாமரத்தூரில் இதமாக இருக்கிறது. மார்கழியில் பீடபூமியில் மூடுபனி இறங்கும். ஆயினும் உதகை, கொடைக்கானல் அளவுக்கு உயரம் இல்லாததால் அங்குள்ள கடுங்குளிர் இங்கு இல்லை.

ஆறுகள்

ஜவ்வாது மலையில் பிறக்கும் ஆறுகளுள் எதுவும் ஆண்டு முழுதும் ஓடுவதில்லை. மழைக்காலத்தில் சில வாரங்கள் பெருகி, பிறகு மணற்படுகையாகக் காட்சியளிப்பதே இவற்றின் இயல்பு. ஆனால் மணலுக்கு அடியிலும் கரையோரக் கிணறுகளிலும் நீர் இருக்கும். மேலே ஓடும் நீரைவிட இந்த ஊற்றுநீரே ஊர்களை நெடுநாள் வாழவைக்கிறது.

செய்யாறு: மலையில் தோன்றித் தென்கிழக்காக இறங்கிச் செங்கம் பகுதியை அடைகிறது. பின் வடகிழக்காகத் திரும்பிச் செய்யாறு நகரத்தைக் கடந்து, பழைய சீவரம் அருகே திருமுக்கூடலில் பாலாற்றுடன் கலக்கிறது. செங்கத்துக்கு அருகில் இதன் குறுக்கே சுமார் 60 அடி உயரமுள்ள குப்பநத்தம் அணை கட்டப்பட்டுள்ளது.

கமண்டல நதி: கிழக்குச் சரிவில் தோன்றிப் படவேடு அருகே சமவெளிக்கு இறங்குகிறது. இதன் மீது சுமார் 62 அடி உயரமுள்ள செண்பகத்தோப்பு அணை உள்ளது. படவேடு ரேணுகாம்பாள் கோயிலின் தலபுராணம், ரேணுகை நாள்தோறும் இந்த ஆற்று மணலைக் கொண்டே குடம் வனைந்து நீர் எடுத்ததாகக் கூறுகிறது. ஆற்றில் நீரும் மணலும் பிரியாதவை என்பதை அறிந்த மக்களின் கதை அது.

நாக நதி: அமிர்திக் காட்டுப் பகுதியிலிருந்து கண்ணமங்கலம் வழியாக வருகிறது. கமண்டல நதியும் நாக நதியும் சேர்ந்து கமண்டல நாக நதி எனப் பெயர் பெற்று ஆரணியைத் தொட்டுச் செல்கின்றன. அதன் பிறகு இது கிழக்கே சென்று செய்யாற்றில் கலக்கிறது.

மிருகண்டா நதி: கலசபாக்கம் பகுதிக்குப் பாசனம் தரும் சிற்றாறு. இதிலும் சுமார் 23 அடி உயரமுள்ள சிறிய அணை உண்டு.

அகரம் ஆறு வடக்கு நோக்கிப் பாலாற்றுக்குச் செல்கிறது. தென்மேற்குச் சரிவின் ஓடைகள் சில தென்பெண்ணை வடிநிலத்தைச் சேர்கின்றன. இவ்வாறு ஒரே மலையில் பெய்யும் மழை இரு பெரிய ஆறுகளுக்குப் பிரிந்து செல்கிறது. எனவே இது ஒரு நீர்ப்பிரிமேடும் ஆகும்.

இங்கே மாணவர்கள் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தவிர்க்க வேண்டும். 'ஆரணியாறு' எனப்படும் ஆறு ஜவ்வாது மலையில் தோன்றுவதன்று. அது ஆந்திரத்திலிருந்து வந்து திருவள்ளூர் மாவட்டத்தில் பெரியபாளையம், மற்றோர் ஆரணி ஆகிய ஊர்களைக் கடந்து கடலை அடைவது. பட்டுக்குப் பெயர்பெற்ற ஆரணியின் ஆறு கமண்டல நாக நதியே.

பர்வதமலை

ஜவ்வாது மலைத்தொகுதியின் தென்கிழக்கு ஓரத்தில், கடலாடி, தென்மாதிமங்கலம் ஆகிய ஊர்களுக்கு அருகே தனித்து எழும் குன்றம் பர்வதமலை. இதன் உயரம் 4500 அடிக்கு மேல் எனப் பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. உச்சியில் மல்லிகார்ச்சுனேசுவரர், பிரமராம்பிகை கோயில் உள்ளது. முழுநிலவு நாட்களில் பெருந்திரளானோர் ஏறுகின்றனர். கீழ்ப்பகுதியில் படிகளும், மேற்பகுதியில் பாறையில் பதித்த இரும்புக் கம்பிகளையும் சங்கிலிகளையும் பற்றி ஏற வேண்டிய செங்குத்தான பகுதியும் உள்ளன. கடப்பாறைப் படி எனப்படும் இப்பகுதி, சுற்றிலும் உள்ள மென்பாறை தேய்ந்தபின் கடினப் பாறை எவ்வாறு சுவர்போல் எஞ்சுகிறது என்பதற்குக் கண்கூடான சான்று.

சங்க நூலான மலைபடுகடாம் இம்மலை நாட்டைப் பற்றியதே. பத்துப்பாட்டுள் ஒன்றான இந்நூல் 583 அடிகள் கொண்டது. இதைப் பாடியவர் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னன். செங்கண்மா இன்றைய செங்கம். நூல் கூறும் நவிரமலை பர்வதமலை என அறிஞர்கள் கருதுகின்றனர். சேயாறு என்பது இன்றைய செய்யாறு. பரிசில் பெறச் செல்லும் கூத்தருக்கு மலைவழியைக் காட்டும் நூலாதலால், மலையின் விளைபொருள்கள், அருவிகள், வழுக்கும் பாறைகள், காவலர் குடியிருப்புகள் ஆகியவை வரிசையாக விளக்கப்படுகின்றன. இவ்வட்டாரத்தின் மிகப் பழைய புவியியல் விளக்கம் என இதனைக் கொள்ளலாம்.

காடும் உயிரினங்களும்

பெரும்பகுதி இலையுதிர் காடு. கோடையில் மரங்கள் இலை உதிர்த்து நிற்கும். முதல் மழைக்குப் பின் ஓரிரு வாரங்களில் மலை பச்சையாகும். அடிவாரத்தில் முட்புதர்க் காடு உள்ளது. வேங்கை, உசில், கடுக்காய், நெல்லி, மூங்கில், சந்தனம் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. கரடி, புள்ளிமான், காட்டுப்பன்றி போன்றவை வாழ்கின்றன.

ஒரு காலத்தில் ஜவ்வாது மலை என்றாலே சந்தனம் என்ற நிலை இருந்தது. திருப்பத்தூரில் அரசின் சந்தனமரக் கிடங்கு அமைந்ததும் அதனால்தான். தொடர்ந்த திருட்டு வெட்டால் இயற்கையாக வளர்ந்த பெரிய சந்தன மரங்கள் இன்று அரிதாகிவிட்டன.

மக்கள்

மலைமேல் வாழ்வோருள் பெரும்பான்மையினர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். இச்சொல் இங்கே 'மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர்' என்னும் பொருளது. கேரள மக்களைக் குறிப்பதன்று. அவர்கள் தாய்மொழி தமிழ். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாக அவர்களிடையே வாய்மொழி மரபு உண்டு. புதூர்நாடு, நெல்லிவாசல் நாடு, புங்கம்பட்டு நாடு என ஊர்த்தொகுதிகளை 'நாடு' என அழைக்கும் பழைய வழக்கம் இன்றும் தொடர்கிறது.

சாமை, கேழ்வரகு, தினை, கொள்ளு ஆகியவை மானாவாரியாக விளைகின்றன. புளி, பலா, தேன், நெல்லி, கடுக்காய் ஆகியன காட்டிலிருந்தும் தோப்புகளிலிருந்தும் கிடைக்கின்றன. ஜவ்வாது மலைச் சாமையும் புளியும் தேனும் சமவெளிச் சந்தைகளில் பெயர் பெற்றவை.

ஆறுகள் பிறக்கும் இடத்தில் வாழ்ந்தாலும் இம்மக்களுக்குப் பாசன வசதி குறைவு. நீர் சரிவில் இறங்கிவிடுகிறது. அணைகளும் ஏரிகளும் கீழே உள்ளன. ஒரு போக அறுவடை முடிந்ததும் வேலை தேடி வெளியூர் செல்வது பலருக்குத் தவிர்க்க முடியாததாகிறது. அவ்வாறு சென்றவர்களுள் சிலர் இடைத்தரகர்களால் செம்மரம் வெட்டும் வேலைக்கு இழுக்கப்பட்டனர். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேசாசலக் காட்டில் காவல்துறையினரால் 20 தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் பலர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டத்தவர். ஜவ்வாது மலையையும் அதன் அடிவார ஊர்களையும் சேர்ந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். மலைமேல் ஆண்டு முழுதும் வேலை இருப்பது மலைக்கு மட்டுமன்று, உயிருக்கும் காவல் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

காவலூர் வானாய்வகம்

மலையின் மேற்குப் பகுதியில் ஆலங்காயத்துக்கு அருகே, 725 மீட்டர் உயரத்தில் காவலூர் வானாய்வகம் உள்ளது. இதை இந்திய வான் இயற்பியல் நிறுவனம் நடத்துகிறது. நகர விளக்குகளிலிருந்து விலகியிருப்பதும், நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் தென்வானத்தையும் காண முடிவதும் இவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கான காரணங்கள். 1972இல் இங்கு நிறுவப்பட்ட 1 மீட்டர் தொலைநோக்கி செருமனியின் யேனா நகரில் உள்ள கார்ல் சைசு நிறுவனம் உருவாக்கியது. 1977இல் யுரேனசுக் கோளின் வளையங்களைக் கண்டறிந்த நோக்கீடுகளில் காவலூரும் பங்கேற்றது. 1986இல் 2.3 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி இயங்கத் தொடங்கியது.

ஆரணியும் மலையும்

ஆரணி ஏறத்தாழ 150 மீட்டர் உயரத்தில் உள்ளது. மலைமேல் 700 மீட்டரில் தொடங்கும் ஓடை ஆரணியை அடைவதற்குள் 550 மீட்டர் இறங்கிவிடுகிறது. இந்த வேகத்தைத் தணித்து நீரைத் தங்கவைக்க முன்னோர் ஏற்படுத்தியதே ஏரித் தொடர். வரத்துக்கால்வாய் வழியாக ஓர் ஏரி நிரம்பும். மிகுந்த நீர் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குச் செல்லும். மதகு வழியாக வயலுக்குப் பாயும். ஏரி நிரம்பினால் சுற்றியுள்ள கிணறுகளும் ஊறும். ஆரணி வட்டார நெல்லும் அரிசி ஆலைகளும் இந்த நீரையே நம்பியுள்ளன.

பட்டுத்தொழிலுக்கும் இதே நீர்தான். கச்சாப்பட்டைக் கொதிநீரில் சோப்பும் சோடாவும் இட்டு அவித்தால்தான் இயற்கைப் பசை நீங்கி மினுமினுப்பு வரும். இதில் இழையின் எடை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறையும். பிறகு சாயம் தோய்த்துப் பலமுறை அலச வேண்டும். உப்பும் சுண்ணமும் மிகுந்த கடின நீரில் சோப்பு நுரைக்காது. சாயமும் ஒரே சீராக ஏறாது. ஆற்றில் நீர் வந்து கிணறுகள் ஊறும் ஆண்டுகளில் நீரின் தன்மை மேம்படுகிறது. வறட்சியில் ஆழ்துளைக் கிணறுகளை மேலும் ஆழப்படுத்தும்போது உவர்ப்பு கூடுகிறது.

மழை நெசவாளருக்கு இடையூறாகவும் அமைகிறது. தொடர்மழை நாட்களில் தெருவில் பாவு நீட்ட முடியாது. குழித்தறியின் குழியில் நீர் ஊறும். ஐப்பசி, கார்த்திகையில் தறி நின்றால் கூலியும் நிற்கும். தறியை நிறுத்தும் அதே மழையே அடுத்த ஓராண்டுக்குச் சாயப்பட்டறைக்கும் வீட்டுக்கும் வயலுக்கும் நீர் தருகிறது. சாயக் கழிவைச் சுத்திகரிக்காமல் விட்டால் அந்த நீரே கெட்டுப்போகும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

உலக நோக்கில் ஓர் ஒப்பீடு

செருமனியின் வடபகுதியில் உள்ள ஆர்ட்சு மலைத்தொகுதியின் மிக உயர்ந்த முகடு பிரோக்கன். இதன் உயரம் 1141 மீட்டர். அதாவது ஜவ்வாது மலை முகடுகளின் உயரமே. இதுவும் கருங்கல்லால் ஆன பழைய மலை. நீராவி ரயிலில் உச்சிவரை செல்லும் வசதியால் புகழ்பெற்ற சுற்றுலாத் தலம். உயரமும் பாறையும் ஒத்திருந்தும் மற்றவை வேறுபடுகின்றன. பிரோக்கன் நிலநடுக்கோட்டிலிருந்து 51 பாகைக்கு மேல் வடக்கே உள்ளது. ஜவ்வாது மலையோ 12 பாகையை ஒட்டியது. அங்கே ஆண்டில் ஏறத்தாழ 300 நாட்கள் மூடுபனி. உச்சியில் மரமே வளர்வதில்லை. ஆண்டு மழையும் பனியும் சேர்ந்து 1800 மில்லிமீட்டர் அளவு. ஈரச் சதுப்புகள் நீரைப் பஞ்சுபோல் பிடித்து வைப்பதால் ஆறுகள் வற்றுவதில்லை. ஜவ்வாது மலையில் அந்தப் பஞ்சின் வேலையைக் காட்டு மண் மட்டுமே செய்ய வேண்டியுள்ளது.

ஆர்ட்சு மலையில் வெள்ளிச் சுரங்கங்களை இயக்க, 16ஆம் நூற்றாண்டு முதல் குளங்களும் வாய்க்கால்களும் வெட்டப்பட்டன. அந்த நீர் மேலாண்மை அமைப்பை யுனெசுகோ 2010இல் உலகப் பாரம்பரியக் களத்தில் சேர்த்தது. ஆரணி வட்டாரத்தின் ஏரித் தொடரும் அதே வகை அறிவின் விளைவே. மற்றொரு பாடமும் உண்டு. ஆர்ட்சு மலையில் தளிர் மரம் எனப்படும் ஊசியிலை மரமே பெருமளவில் நடப்பட்டிருந்தது. 2018 முதல் நேர்ந்த வறட்சியாலும் பட்டை வண்டுகளாலும் அந்தக் காடு பெரும்பரப்பில் பட்டுப்போனது. ஒரே வகை மரத்தை நட்டுக் காடு என்று எண்ணக்கூடாது என்பதற்கு இது சான்று.

சிக்கல்களும் பாதுகாப்பும்

ஒரு ஏக்கர் நிலத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 4 இலட்சம் லிட்டர் நீர் விழுகிறது. காடு உள்ள சரிவில் இதில் ஒரு பகுதி மண்ணில் இறங்கி, பின்னர் மெல்ல ஓடைக்கு வரும். மரமற்ற சரிவில் பெரும்பகுதி சில மணி நேரத்தில் சேற்றோடு இறங்கி, ஏரியில் வண்டலாகப் படியும். ஏரியின் கொள்ளளவு குறையும், வெள்ளம் கூடும், தை மாதத்திலேயே கிணறு வற்றும். வெள்ளமும் வறட்சியும் ஒரே ஆண்டில் நேர்வதற்கு இதுவும் காரணம். 2021 நவம்பரில் பாலாற்றில் பல்லாண்டுகளுக்குப் பின் பெருவெள்ளம் வந்தபோது, வழி மாறிய, தூர்ந்த கால்வாய்களின் குறை வெளிப்பட்டது.

காட்டுத் தீ, திருட்டு மரவெட்டு, ஆற்று மணல் அள்ளுதல், வரத்துக்கால்வாய் ஆக்கிரமிப்பு, பயணிகள் விட்டுச் செல்லும் நெகிழிக் குப்பை ஆகியவை இன்றைய முதன்மைச் சிக்கல்கள். ஆற்று மணல் வெறும் கட்டுமானப் பொருள் அன்று. ஓடாத மாதங்களில் நீரைச் சேமித்து வைக்கும் தொட்டி. அதை அள்ளினால் கரையோரக் கிணறுகளின் நீர்மட்டம் இறங்கும்.

மேற்சரிவில் பல்வகை நாட்டு மரங்களைக் காப்பது, ஓடைகளில் சிறு தடுப்பணைகள் அமைப்பது, கோடையில் ஏரிகளைத் தூர்வாருவது, சாமை, புளி, தேன் ஆகியவற்றுக்கு மலைமக்கள் நியாயமான விலை பெறச் செய்வது ஆகிய நான்கும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. மலைமேல் வாழ்வோர்க்குக் காட்டைக் காப்பதில் வருவாய் இருந்தால் காடு நிற்கும்; காடு நின்றால் கமண்டல நாக நதியின் மணலடியில் நீர் நிற்கும்; ஆரணியின் கிணறுகளும் ஊறும்.